கொல்லைக் கூளத்தைக் கொளுத்தியபோது: பேராவூரணிப் பக்கத்து மாதிரி வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தை பிறந்து மழை விட்டதும் கொல்லைகளில் ஆங்காங்கே புகை எழும்பும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் விழுந்த மட்டையும், மார்கழியில் கழித்துப் போட்ட கிளையும், கூட்டி ஒதுக்கிய சருகும் மூலையில் மலையாகக் கிடக்கும். ஒரு விடுமுறை நாளில் வீட்டார் எல்லோரும் கூடி அதைக் கொளுத்துவார்கள். இந்த ஆய்வில் வரும் வீடு, அந்தப் பக்கத்துக் கொல்லைகளில் வழக்கமாக நடப்பதை ஒன்றாகச் சேர்த்து அமைத்த மாதிரி வீடு. ஒரே வீட்டில் ஒரே நாளில் இத்தனை தவறும் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொரு தவறும் எங்கோ ஒரு கொல்லையில் வருடம் தவறாமல் நடக்கிறது.

புகை என்பது எரியாமல் தப்பிய எரிபொருள். கொல்லைத் தீ புகைகிறது என்றால், தீ மூட்டிய விதம் தவறாக இருக்கும். இல்லாவிட்டால் தீக்கு வரவே கூடாத பொருள் வந்திருக்கும். கீழே வரும் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றின் விளைவுதான்.

கொல்லையும் குவியலும்

மொத்தம் 20 சென்ட், அதாவது 8,712 சதுர அடி. எட்டுத் தென்னை, இரண்டு மா, ஒரு எலுமிச்சை, முருங்கை, கிணற்றடியில் வாழைக் கொத்து, வேலியோரம் பூவரசும் கருவையும். பின்பக்கம் கீற்றுக் கொட்டகை. அதில் ஒரு மாடு, கொஞ்சம் வைக்கோல். சமையலறைக்கு வெளியே சுவரோரம் கேஸ் சிலிண்டர்.

நல்ல நிலையில் உள்ள தென்னை மாதம் சுமார் ஒரு மட்டை கழிக்கும். எட்டு மரம், ஆறு மாதம் என்றால் 48 மட்டை. காய்ந்த மட்டை ஒன்று இரண்டரைக் கிலோ என்று வைத்தாலும் 120 கிலோ வருகிறது. இதோடு பன்னாடை, பாளை, கொதுக்கு, மாவில் கழித்த கிளைகள், அறுத்த வாழைத்தண்டு, முருங்கைக் கொப்பு, கருவை முள், பூத்துக் குலுங்கிய பார்த்தீனியச் செடி. எலுமிச்சையில் சொறி நோய் கண்டிருந்ததால் வெட்டிய குச்சிகளும், குருத்தழுகல் வந்து செத்த தென்னை ஒன்றின் கொண்டையும் குவியலில் இருந்தன. எல்லாம் சேர்த்து 300 கிலோவுக்கு மேல். இவற்றோடு யாரும் கவனிக்காமல் சேர்ந்தவை வேறு: நாற்றுப் பைகள், சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகள், பந்தல் கட்டிய நைலான் கயிறு, உரச்சாக்கு.

முதல் எரிப்பு

காலை ஆறரை மணி. பனி இன்னும் விலகவில்லை. குவியல் ஆறடி உயரம், மாமர நிழலில், கொட்டகையிலிருந்து பத்தடி தூரத்தில். அடியில் சருகைத் திணித்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார்கள். ஐந்து நிமிடம் நன்றாக எரிந்தது. பிறகு மேலே கிடந்த பச்சை இலையும் வாழையும் அமுக்க, மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை திரண்டு தரையோடு தரையாகப் பரவியது. மேலே ஏறவில்லை. தீ அணைகிறதே என்று இளைஞர் ஒருவர் வண்டிக்கு வைத்திருந்த பெட்ரோலில் அரை பாட்டிலை வீசினார். தீப்பந்து ஒன்று அவர் கைவரை தாவியது. மணிக்கட்டு மயிர் கருகியதோடு தப்பினார். ஓடி வந்த அவருடைய தாயார் வேப்பெண்ணெயும் மாவும் தடவினார்.

எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது: “ஏம்மா, கைப்புள்ள மூச்சுவிட முடியாம இருமுது, கொஞ்சம் பாருங்களேன்.” மருமகள் தண்ணீர் எடுக்கப் போனார். “சாயங்காலம் வரைக்கும் மூட்டமாவே இருக்கட்டும்மா, கொசு போயிரும்” என்றார் வீட்டுப் பெரியவர். குவியல் பகல் முழுக்கப் புகைந்தது. மாலையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லோரும் உள்ளே போனார்கள். மறுநாள் மதியம் கடல்காற்று எழுந்தபோது சாம்பலுக்குள் கிடந்த கங்கு பறந்து வேலிக் கீற்றில் பற்றியது. ஆள் இருந்ததால் கொட்டகை தப்பியது. மூன்றாம் நாள், குவியலுக்கு ஆறடி தள்ளிய பழைய தென்னை வேர்க்குழியிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது.

ஏன் அப்படி ஆனது

முதலில் ஈரம். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.55 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நன்றாகக் காய்ந்த செடிப்பொருள் ஒரு கிலோ எரிந்தால் 17, 18 மெகாஜூல் தரும். இந்த இரண்டு எண்ணை வைத்தே எதை எரிக்கலாம், எதைக் கூடாது என்று கணக்குப் போடலாம். வாழைத்தண்டில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோ தண்டில் 92 கிலோ தண்ணீர் என்று வைத்தால், அதை விரட்ட 235 மெகாஜூல் தேவை. மிச்சமுள்ள எட்டுக் கிலோ நார் முழுவதும் எரிந்தாலும் கிடைப்பது 136 தான். வாழை தானாக ஒருபோதும் எரியாது. பக்கத்தில் எரிவதன் சூட்டை உறிஞ்சித் தீயைக் கொல்லும். பச்சைக் கிளை அவ்வளவு மோசமில்லை. பாதி எடை தண்ணீராக இருந்தாலும் கணக்கில் மிச்சம் நிற்கும். அதன் சிக்கல் வேறு. உள்ளே ஈரம் இருக்கும்வரை அந்தக் கிளையின் சூடு 100 டிகிரியைத் தாண்ட மறுக்கும். விளிம்பு மட்டும் 200, 300 டிகிரி எட்டி வாயுவையும் தாரையும் கக்கும். அந்த வாயு முழுமையாக எரிய 600 டிகிரிக்கு மேல் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் கிடைக்காத வாயு குளிர்ந்து மேலே போவதைத்தான் புகை என்கிறோம். பச்சைக் குழந்தை இருமியது அந்தத் தாரினால்தான்.

அடுத்தது தீ வைத்த இடம். அடியில் பற்றவைத்தால் கீழே கிளம்பும் வாயு, மேலே கிடக்கும் குளிர்ந்த ஈரக் கூளத்தின் ஊடே போயாக வேண்டும். போகும் வழியில் சூட்டை இழந்துவிடுகிறது. அதே குவியலின் உச்சியில் பற்றவைத்தால் கீழிருந்து வரும் வாயு சுடரைக் கடந்துதான் வெளியேற முடியும். கடக்கும்போதே எரிந்துவிடும். மேலிருந்து கீழே தீ மெதுவாக இறங்கும். பார்க்கப் பரபரப்பு இருக்காது, ஆனால் புகை வெகுவாகக் குறையும். நம் ஊரில் அடுப்பு, சூளை எல்லாம் அடியில் பற்றவைத்துப் பழகியவை. அவற்றுக்கு மேலே இழுவை உண்டு, சுவர் உண்டு. திறந்த குவியலுக்கு இரண்டும் இல்லை.

மூன்றாவது நேரம். தெளிந்த பனி இரவில் தரை வேகமாகக் குளிரும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். குளிர்காற்று மேலே ஏறாது. அதில் கலந்த புகையும் ஏறாது. வெயில் தரையைச் சுட்டு ஒன்பது, பத்து மணிக்கு இந்த அடுக்கு கலையும்வரை ஊர் ஒரு மூடிக்கு அடியில் இருப்பதாகவே பொருள். 2018 போகியன்று விடியற்காலையில் சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டம் கவிந்து விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டதும் இதே காரணத்தால்தான். ஒரு கொல்லையின் புகை விமானத்தை நிறுத்தாது. அடுத்த வீட்டுத் திண்ணையை நிரப்ப அது போதும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டும். தண்ணீரின் உறைநிலைக்கு 40 டிகிரி கீழேயும் அது பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. குவியலுக்குள்ளும் தரையோரமும் தேங்கி நிற்கும். ஊற்றுகிறவர் அந்த ஆவிக்குள்ளேயே நிற்கிறார். கங்கு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்தால் தீக்குச்சியே தேவையில்லை. பெட்ரோல், தின்னர், சானிடைசர் எதுவும் கொல்லைத் தீயின் பக்கம் வரக் கூடாது. மண்ணெண்ணெயும் வேண்டாம். காய்ந்த பன்னாடையும் நாலு கொட்டாங்கச்சியும் இருக்கிற வீட்டில் எந்த எண்ணெய்க்கும் வேலை இல்லை.

மறுநாள் தீ எழுந்ததற்குக் காரணம் சாம்பல். சாம்பல் நல்ல வெப்பக் காப்பு. அதற்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மேலே ஊற்றிய இரண்டு குடம் மேல்தோலை நனைத்ததோடு ஓடிவிட்டது. வேர்க்குழி கதை இன்னும் ஆபத்தானது. இற்றுப்போன தென்னை வேரும் தூரும், நார்க்கழிவு கொட்டிய இடமும் சுடரே இல்லாமல் உள்ளுக்குள் நாள்கணக்கில் கனன்று நகரும். அப்படிப்பட்ட தரையில் தீ போடவே கூடாது.

எரிக்காமல் தீர்த்தவை

அடுத்த வருடம் அதே வீட்டில் குவியல் தீக்குப் போகும் முன் பிரிக்கப்பட்டது. இந்த ஆய்வில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. ஏனென்றால் 300 கிலோவில் 240 கிலோவுக்குத் தீ தேவையே இல்லை.

மட்டையில் கீற்றை உரித்து ஈர்க்கு எடுத்தார்கள். அடிமட்டை வெந்நீர் அடுப்புக்குப் போனது. மிச்சக் கீற்றை நறுக்கித் தென்னம்பாத்தியில் மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாகப் போட்டார்கள். தென்னையின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள்தான் இருக்கும். அங்கே மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும். அதே இடத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்துவது ஊரெங்கும் இருக்கும் பழக்கம். மேல்மண்ணில் இருக்கும் உறிஞ்சு வேரை அது சுட்டுவிடும். வாழைத்தண்டை ஓரடித் துண்டாக வெட்டி, சாணிக் கரைசல் தெளித்துக் குழியில் போட்டார்கள். மா இலை, முருங்கை, பூவரசுத் தழை எல்லாம் அதே குழிக்கு.

இந்த வட்டாரத்தில் மக்கவைக்கத் தயங்குவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு: காண்டாமிருக வண்டு. அது முட்டையிடுவது எருக்குழியிலும் இற்றுப்போகும் தென்னந்தண்டிலும்தான். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலில் சாய்ந்த தென்னைகள் தோப்பு தோப்பாகக் கிடந்து அழுகியபோது, வண்டு பெருகிவிடும் என்று விவசாயிகள் பயந்ததற்கும் அதுவே காரணம். அந்தப் பயத்துக்கு மருந்து தீ அல்ல. குழியை மாதம் ஒரு முறை புரட்டினால் வெள்ளைப் புழு கண்ணில் படும். பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சைக் கலவை வேளாண் அலுவலகங்களில் கிடைக்கும். அதைக் குழியில் கலந்தால் புழு நோய் கண்டு சாகும்.

மாங்கிளையைத் தீயிலிருந்து ஒதுக்கியதற்குத் தனிக் காரணம் உண்டு. மா, முந்திரி இரண்டும் ஒரே குடும்பம். அவற்றின் பாலில் தோலை எரிக்கும் பொருள் இருக்கிறது. புகை கண்ணையும் மூச்சுக்குழலையும் அறுக்கும். அரளியை எந்த நிலையிலும் தீயில் போடக் கூடாது; அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும் வகை. கள்ளி வகைகளும் அப்படியே ஒதுக்கத் தக்கவை.

சட்டம் என்ன சொல்கிறது

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடைசெய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் விதித்தது. அதே ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தோட்டக் கழிவைத் தனியாக வைத்து உள்ளாட்சி சொல்கிறபடி தீர்க்கச் சொல்லின. ஆகவே நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் கீழே வரும் முறைகளைப் பின்பற்ற வேண்டாம். கழிவை வண்டிக்குக் கொடுங்கள். கிராமத்திலும் வசதிக்காக எரிப்பது என்பது இனி இல்லை. நோய்ப்பட்ட பகுதியை வெட்டி எரித்து அழிக்க வேளாண் துறையினரே சொல்லும் இடங்கள் உண்டு. குருத்தழுகலும் எலுமிச்சைச் சொறியும் அப்படிப்பட்டவை. இந்த வீட்டார் ஊராட்சி அலுவலகத்திலும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்டுக்கொண்ட பிறகே தீ மூட்டினார்கள். அண்டை வீடுகள் மூன்றிலும் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், துணி காயப்போடாமல் இருக்க. ஒரு வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்ததால் அவர் வெளியூர் போகும் நாளாகவே பார்த்தார்கள்.

இரண்டாவது எரிப்பு: ஆயத்தம்

தீக்கு மிஞ்சியது சுமார் 60 கிலோ: எலுமிச்சைக் குச்சி, குருத்தழுகல் கொண்டை, விதை கட்டிய பார்த்தீனியம், கருவை முள். மாசி மாதம், மழை இல்லாத மூன்று வாரம் கழிந்த பிறகு. முள்ளும் குச்சியும் தார்ப்பாயில் பரப்பி வெயிலில் காய்ந்தன, இரவில் மூடி வைத்தார்கள். கட்டைவிரல் பருமன் குச்சிக்கு மூன்று நாலு வாரம் போதும். காய்ந்ததா என்று பார்க்க ஒடித்தால் போதும்: படக்கென்று சத்தம் வந்து முறிந்தால் காய்ந்தது, வளைந்து நார் கிழிந்தால் இல்லை. சொறிக் குச்சியைக் கொல்லை வழியே இழுத்துப் போகக் கூடாது. சாக்கில் கட்டித் தூக்க வேண்டும். உதிரும் ஒவ்வொரு இலையும் அடுத்த மழைக்கு நோயைப் பரப்பும்.

இடம், 25 அடி இடைவெளியில் நின்ற நான்கு தென்னைக்கு நடுமையம். அங்கிருந்து ஒவ்வொரு மரமும் 17 அடிக்கு மேல் தள்ளி நின்றது. தொங்கிக்கொண்டிருந்த காய்ந்த மட்டைகளை முன்னாலேயே இழுத்துவிட்டார்கள். கொட்டகையும் வைக்கோலும் 50 அடிக்கு அப்பால். மேலே மின்கம்பி இல்லை. கீழே ஆழ்துளைக் கிணற்றின் பிவிசி குழாய் போகிறதா என்று பார்த்தார்கள். அரையடி ஆழத்தில் புதைத்த குழாய் தீச்சூட்டில் இளகிவிடும், தண்ணீர் தேவைப்படும் நேரத்தில்தான் அது தெரியவரும். சுற்றிலும் ஆறடிக்குச் சருகு கூட்டி, தரையை நனைத்தார்கள்.

குவியலுக்குப் பதிலாகக் குழி. வாய் நாலடி அகலம், ஆழம் இரண்டடி, அடி குறுகிய கிண்ண வடிவம். வெட்டிய மண் விளிம்பைச் சுற்றி வரப்பாக. சாய்ந்த சுவர் இருப்பதால் காற்று அடியிலிருந்து நுழையாது, மேலிருந்து மட்டும் சுடருக்குக் கிடைக்கும். கீழே கிடப்பது எரிந்து சாம்பலாகாமல் கரியாக நிற்கும். பக்கத்தில் 15 லிட்டர் குடம் பத்து நிரப்பி வைத்தார்கள். மோட்டார் குழாய் தனி. மின்சாரம் போனால் குழாயை நம்ப முடியாது என்பதால்தான் குடம். இரண்டு மண்வெட்டி, நீளக் காம்பு முள்வாரி, நனைத்த கோணிச்சாக்கு நான்கு.

உடை பருத்தி மட்டும். நைலான் நைட்டி, பாலியஸ்டர் துப்பட்டா, சட்டை எதுவும் வேண்டாம். பற்றினால் உருகித் தோலோடு ஒட்டும். வேட்டியை மடித்துக் கட்டி, சேலை முந்தானையைச் செருகி, காலில் தோல் செருப்போ ஷூவோ. ரப்பர் செருப்பு கங்கில் இளகும்.

பிள்ளைகளுக்கு வேலை உண்டு. முந்தின நாள் முழுக்கக் கூளத்தைக் கையால் கிளறி நாற்றுப் பை, கயிறு, குழாய்த் துண்டு பொறுக்கியது அவர்கள்தான். பிவிசி எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் டயாக்சின் என்னும் நஞ்சும் வரும்; ஒரு துண்டு போனாலும் சாம்பல் மண்ணுக்கு உதவாது. பெரியவர்கள் முதலில் நீளக் கம்பால் புரட்டிய பிறகே பிள்ளைகளை விட்டார்கள், கிடை போட்ட கூளத்தில் விரியனும் தேளும் குடியிருக்கும். ஓணான், தவளை, அரணை தப்பி ஓடவும் அந்தப் புரட்டல் வேண்டும். வாரக்கணக்கில் கிடந்த குவியலை அப்படியே கொளுத்துவது உள்ளே இருக்கும் உயிரை எல்லாம் சேர்த்துக் கொளுத்துவது.

தீ மூட்டிய பின்

மணி பத்து. பனி மூடி கலைந்துவிட்டது. கடல்காற்று பலக்கும் மதியத்துக்குள் வேலை முடிய வேண்டும், ஆக இரண்டரை மணி நேரம் கையில். மர இலை சலசலத்தது, அவ்வளவுதான். புழுதியும் காகிதமும் தரையிலிருந்து கிளம்பும் காற்று என்றால் அன்றைக்கு எரிப்பு இல்லை.

குழியின் அடியில் கருவைக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிணற்றுச் சட்டம் போல ஓரடி உயரம் அடுக்கினார்கள். தடித்தது கீழே, மெல்லியது மேலே. உச்சியில் பன்னாடை, ஈர்க்குச் சீவல், ஆறு கொட்டாங்கச்சி. உச்சியில் மட்டும் தீக்குச்சி. முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் புகைந்தது, பிறகு தெளிந்த சுடர். கால் மணி நேரத்தில் அடுக்கு சரிந்து கங்கு பரப்பானது. மேற்பரப்பில் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. இந்த வெள்ளைப் பூச்சுதான் அடையாளம். அதற்கு முன்னால் போட்டால் அமுங்கிப் புகையும். காத்திருந்தால் கரி சாம்பலாகிவிடும். ஒரு முறைக்கு ஒரு கைப்பிடிக் கட்டு, இரண்டு மூன்று கிலோ. சுடர் புதுக் கட்டை முழுவதும் தழுவ வேண்டும். புகை தென்பட்டால் போடுவதை நிறுத்திச் சுடர் மீளும்வரை காத்திருக்க வேண்டும். கிளறக் கூடாது. கிளறினால் அடியில் காற்றுப் புகும்.

முள்ளைப் போடும்போது முள்வாரியால் தள்ளுவது நல்லது. பார்த்தீனியம் காய்ந்தால் சட்டென்று பறக்கும், சிறு கட்டாகக் கட்டித்தான் போட வேண்டும். காய்ந்த பூந்தூளுக்கு அரிப்பும் தும்மலும் வரும் என்பதால் அதை எடுத்தவர் முகக்கவசமும் கையுறையும் அணிந்திருந்தார். மூங்கில் இருந்தால் கணுவைப் பிளந்துவிட வேண்டும்; மூடிய கணுவுக்குள் ஆவி அடைத்து வெடிக்கும். உரிக்காத தேங்காயும் குரும்பையும் அப்படியே. ஈரக் கருங்கல்லை வரப்பாக வைத்தாலும் சில்லாகத் தெறிக்கும்.

கொண்டை கடைசியில், பதினொன்றரைக்கு. குருத்துச் சோறு ஈரம் மிகுந்தது. முழுதாகப் போட்டால் வாழைத்தண்டு செய்ததையே செய்யும். பிளந்து, கையளவு துண்டாக்கி, இரண்டு நாள் வெயிலில் தார்ப்பாயில் வாட்டி வைத்திருந்தார்கள். தீ நன்றாகக் கனிந்த பிறகு காய்ந்த முள்ளோடு கலந்து நாலைந்து துண்டாகப் போட்டார்கள். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் பத்து நிமிடம் புகை வந்தது. மூன்று கட்டு காய்ந்த கருவை சேர்த்ததும் தெளிந்தது. வெட்டிய அரிவாளும் கத்தியும் தீயில் காட்டித் துடைக்கப்பட்டன.

பிள்ளைகள் நின்றது காற்று வரும் பக்கம், தரையில் கோலமாவால் போட்ட கோட்டுக்குப் பின்னால், 15 அடி தூரத்தில். பெரியவர் ஒருவருக்குத் தீயைப் பார்ப்பது மட்டுமே வேலை, இன்னொருவருக்குப் பிள்ளைகளைப் பார்ப்பது. இரண்டையும் ஒருவரே பார்க்க முடியாது. கிழங்கு சுட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். நோய்க்குச்சியும் மருந்தடித்த இலையும் எரியும் குழியில் அதைச் செய்யக் கூடாது. பத்தடி தள்ளி மூன்று செங்கல் கூட்டி, கொட்டாங்கச்சி மட்டும் போட்டுக் கங்காக்கி, அதில் சர்க்கரைவள்ளியைப் புதைத்தார்கள். நடுத்தரக் கிழங்கு முக்கால் மணியில் வெந்துவிடும். ஈர்க்கு தடையில்லாமல் இறங்கினால் பதம்.

தீக்காயம் பட்டால் செய்ய வேண்டியதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து விட வேண்டும். வளையல், மோதிரம், கயிறு உடனே கழற்ற வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பற்பசை, மை, மாவு, நெய், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு. ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101.

அணைப்பதும் கரியும்

பன்னிரண்டேகாலுக்குக் கடைசிக் கட்டு சுடர் தணிந்தது. குழியில் முக்கால் பங்கு கரி. உடனே தண்ணீர், ஆனால் ஓரத்திலிருந்து, மெதுவாக. நடுவில் குடத்தைக் கவிழ்த்தால் கொதியாவி எழுந்து முகத்தில் அடிக்கும். நாலு குடம் ஊற்றி, மண்வெட்டியால் அடிவரை புரட்டி, மறுபடி நாலு குடம், மறுபடி புரட்டல். புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது, சீறும் சத்தம் கேட்கக் கூடாது. மாலை ஆறுக்கு ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை புரட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் பத்தாத இடத்தில் வெட்டிய மண்ணைப் போட்டு மூடுவார்கள். அது வேலை செய்யும், ஆனால் இரண்டு நாள் காவல் வேண்டும், மண்ணில் ஒரு விரிசல் போதும் உள்ளே கரி மறுபடி கனல.

இந்த முறையில் காய்ந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கரியாக மிஞ்சும். இங்கே பத்துக் கிலோவுக்கு மேல் கிடைத்தது. வெறும் கரியை நேரே பாத்தியில் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், செடி சில வாரம் வெளிறும். சாணிக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்து, அதே அளவு மக்கிய எருவோடு கலந்துதான் எலுமிச்சைப் பாத்தியில் இட்டார்கள்.

விளிம்பில் சேர்ந்த சாம்பல் தனி. எரியும்போது தழைச்சத்து காற்றோடு போய்விடும். சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் தங்கும். காரம் மிகுந்தது, நனைந்த சாம்பல் கையை அரிக்கும். சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவில் தூவிக் கொத்திவிட்டால் போதும். களர் மண்ணில் அதுவும் வேண்டாம். யூரியா, அமோனியம் சல்பேட் போட்ட பாத்தியில் சாம்பலைச் சேர்த்தால் அமோனியா வாயுவாகக் கிளம்பி உரம் வீணாகும், இரண்டுக்கும் நடுவே மூன்று வாரமாவது இடைவெளி விட வேண்டும். மீதிச் சாம்பல் மூடியுள்ள தகரத்தில், மழை படாத இடத்தில், மரத் தரையிலிருந்தும் சாக்கிலிருந்தும் விலக்கி வைக்கப்பட்டது. பிளாஸ்டிக் வாளியில் அள்ளி வைக்கப்பட்ட சாம்பல் நடு இரவில் வாளியை உருக்கிக் கொட்டகையைப் பிடித்த சம்பவங்கள் இந்தப் பக்கம் புதிதல்ல.